அப்பாவுக்கு மார்ஃபின் எழுதியிருக்காங்க, கொடுக்கலாமா?

பாலக்கோட்டுத் தம்பி
ஜூன் 4, 2024, மாலை 6.40

அப்பாவுக்கு 67 வயசு. நுரையீரல் புற்றுநோய், இப்போ இடுப்பெலும்பு வரைக்கும் பரவிடுச்சு. பெங்களூரில் காட்டினோம். இனி வலிக்கு மட்டும் பார்த்தா போதும்னு அனுப்பிட்டாங்க. மார்ஃபின் 10 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரைன்னு எழுதி, ரெண்டு வாரத்துக்கு அங்கேயே கொடுத்துட்டாங்க. ஆறு நாளா அட்டை பிரிக்காம பீரோவில் கிடக்கு. பெரியப்பா சொல்றார், சாகப்போறவங்களுக்குக் கொடுக்கிற மருந்து அது, கொடுத்தா ரெண்டு நாளில் முடிஞ்சிடும்னு. மச்சான் சொல்றார், அபின்தான் அது, அடிமையாகிடுவார்னு. ஊர் மெடிக்கல்ல சீட்டைக் காட்டினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார். அப்பா ராத்திரியில தூங்கி பத்து நாள் ஆகுது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பென்னாகரம் சிஸ்டர்
ஜூன் 4, இரவு 9.15

கொடுங்க. ஆனா முதல் மாத்திரைக்கு முன்னாடி, எழுதின டாக்டருக்கு இன்னிக்கு ராத்திரியே போன் போடுங்க. இப்போ வேற வலி மாத்திரை ஏதாவது ஓடுதா, டிரமடால் மாதிரி, அதை நிறுத்தணுமா? சிறுநீரக ரிப்போர்ட் எப்படி இருக்கு? தூக்க மாத்திரை போடுறாரா? மலம் இளக மருந்து எழுதியிருக்காங்களா? இதெல்லாம் கேட்டே ஆகணும். ஆறு நாள் கொடுக்காம விட்டதையும் சொல்லிடுங்க.

நான் 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸ். 2021இல் ஓய்வு. பயப்பட ஒண்ணுமில்லை. மத்ததைக் காலையில் எழுதறேன்.

ஜூன் 5, காலை 5.50

தூக்கம் வரலை. உங்க "பீரோவில் கிடக்கு" என்ற வார்த்தைதான் காரணம்.

என் அப்பா 2016இல் இறந்தார். 81 வயசு. புரோஸ்டேட் புற்றுநோய், முதுகெலும்புக்கு வந்துடுச்சு. பென்னாகரம் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம், கேழ்வரகும் நிலக்கடலையும். அந்த நிலத்தில் 60 வருஷம் குனிஞ்சு நிமிர்ந்த முதுகு. டிரமடால் கேட்காம போனதும் டாக்டர் மார்ஃபின் 10 மில்லிகிராம் எழுதினார். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ஒவ்வொண்ணா. இரவு 10 மணிக்கு மட்டும் ரெண்டா, நடுராத்திரியில் எழுப்பாம இருக்க. ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை. 14 நாளுக்கு 84 கொடுத்தாங்க.

வார்டில் எத்தனையோ பேருக்கு இதே மருந்தை ஊசியா போட்ட கை இது. அப்பாவுக்குக் கொடுக்கும்போது அந்தக் கைதான் மாத்திரையைப் பாதியா உடைச்சது. பாதி போதும், வயசானவர், மூச்சு நின்னுட்டா? ராத்திரி ரெண்டு எதுக்கு? அவர் கேட்கும்போது மட்டும் கொடுக்கலாமே? அவரோ கேட்கிற ஆளில்லை. துண்டைச் சுருட்டி வாயில் கடிச்சுக்கிட்டு, கயித்துக் கட்டில் சட்டத்தைப் பிடிச்சபடி படுத்திருப்பார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கிட்டே இருப்பாங்க. இப்படிப் பதினோரு ராத்திரி.

பன்னெண்டாம் நாள் காலையில் டாக்டர் வீட்டுக்கு வந்தார். அப்பாவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி டப்பாவை வாங்கி எண்ணினார். 18 இருக்கணும். 62 இருந்தது. "சிஸ்டர், இதை யாருக்குச் சேர்த்து வைக்கிறீங்க?" அதட்டலா கேட்கலை, மெதுவாத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியலை.

அன்னிக்கு ராத்திரி எழுதினபடி கொடுத்தேன். மறுநாள் அப்பா காலை எட்டு மணிக்குக் கண் முழிச்சு, "ஏம்மா, மழை பெஞ்சுதா?"ன்னு கேட்டார். பெஞ்சிருந்தது. அவருக்குத் தெரியாம ஒரு மழை பெஞ்சுபோனது அந்த மாசத்தில் அதுதான் முதல் தடவை.

அதுக்கப்புறம் நாலு மாசம் இருந்தார். உங்க பெரியப்பாகிட்ட இதைச் சொல்லுங்க.

ஜூன் 6, மதியம் 1.20

தம்பி, உங்க செய்தியைப் பார்த்ததும் எழுதறேன். நேத்து ராத்திரி ஆரம்பிச்சிருக்கீங்க, அப்பா பதினாலு மணி நேரமா தூங்கறார், வீட்டில் எல்லாரும் அழறாங்க.

முதலில் அழுகையை நிறுத்திட்டு மூச்சை எண்ணுங்க. செல்போனில் ஒரு நிமிஷம் வச்சுக்கிட்டு, நெஞ்சு எத்தனை தடவை ஏறுதுன்னு பாருங்க. கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்க வேண்டாம், முழு நிமிஷம் எண்ணுங்க. பெரியவங்களுக்கு வழக்கமா 12இலிருந்து 20 வரை இருக்கும். தோளைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கண் திறந்து, "என்னடா"ன்னு கேட்டுட்டுத் திரும்பத் தூங்கினா அது பத்து நாள் தூக்கக் கடன். முதல் ரெண்டு மூணு நாள் மார்ஃபினும் கொஞ்சம் அசத்தும், அப்புறம் உடம்பு பழகிடும்.

மூச்சு பத்துக்குக் கீழே போனா அடுத்த மாத்திரையை நிறுத்திவச்சுட்டு டாக்டருக்குப் போன். எட்டுக்குக் கீழே, இல்லை எத்தனை மூச்சு இருந்தாலும் தட்டியும் எழவே இல்லை, உதடு நீலம் பாயுது, குறட்டை மாதிரி கொரகொரன்னு விட்டு விட்டு வருதுன்னா யாரையும் கேட்க வேண்டாம், 108. கண்ணின் பாப்பா கடுகு மாதிரி சுருங்கியிருக்கும்னு படிச்சிருப்பீங்க. சரியான அளவில் இருக்கிறவங்களுக்கும் கொஞ்சம் சுருங்கும், அதை மட்டும் பார்த்துப் பயந்துடாதீங்க. மூச்சும் விழிப்பும்தான் கணக்கு.

இன்னொண்ணையும் மனசில் வச்சுக்கோங்க. மூச்சு குறையறதுக்கு முன்னாடி ஆளை எழுப்ப முடியாம போகும். வரிசை அப்படித்தான். அதனால நேத்துவரைக்கும் "என்னடா"ன்னு கேட்டவர் இன்னிக்கு முனகல் மட்டும்னா, மூச்சு சரியா இருந்தாலும் அது முதல் எச்சரிக்கை மணி.

ஜூன் 6, மதியம் 2.05

16 மூச்சு, எழுந்து தண்ணி கேட்டார்னு எழுதியிருக்கீங்க. நல்லது. தூங்கட்டும்.

ஜூன் 7, இரவு 8.30

கடிகாரத்தைப் பத்தி. வலி வந்தப்புறம் கொடுக்கிறதா, வராம இருக்கக் கொடுக்கிறதா? நான் செஞ்ச தப்பே இங்கேதான். இந்தச் சாதா மாத்திரை அரை மணியில் வேலை செய்யத் தொடங்கும், நாலு மணி நேரம் நிக்கும். கத்தும்போது கொடுத்தா எப்பவும் வலிக்குப் பின்னாடிதான் ஓடிக்கிட்டிருப்போம், மொத்த அளவும் அதிகமாத்தான் தேவைப்படும். 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வழி சொன்னப்பவே வாய்வழியா, கடிகாரப்படி, படிப்படியான்னுதான் சொன்னது.

நேரத்துக்கு நடுவில் வலி பிச்சுக்கிட்டு வந்தா? அதுக்குத் தனியா ஒரு அளவு டாக்டர் எழுதிக் கொடுக்கணும். வழக்கமா ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. அதைக் கொடுத்த நேரத்தைக் குறிச்சு வைக்கணும். தினமும் மூணு நாலு தடவை தேவைப்பட்டா அடிப்படை அளவு பத்தலைன்னு அர்த்தம், டாக்டர் ஏத்துவார். நாமளா ஏத்தக் கூடாது. ஒரு வேளை மறந்துபோச்சுன்னு அடுத்த வேளைக்கு ரெண்டா கொடுக்கிற வேலையும் கூடாது.

பள்ளிக்கூடப் பிள்ளையோட நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க. நேரம், எத்தனை மாத்திரை, வலி எவ்வளவு, மலம் போனாரா. அவ்வளவுதான். வலியைப் பத்துக்கு எத்தனைன்னு ஆஸ்பத்திரியில் கேட்பாங்க. என் அப்பாவுக்கு அது பிடிபடலை, எப்பக் கேட்டாலும் "இருக்குது"ன்னுதான் வரும். ஒருநாள் அம்மாவே கேட்டாங்க, "ரூபாய்க்கு எத்தனை அணா வலி?" உடனே சொன்னார், "பன்னெண்டணா." நோட்டு முழுக்க அணாவாத்தான் இருக்கு. பதினாலணா, பன்னெண்டணா, பாதி மாத்திரை நாட்கள் அத்தனையும். அந்தப் பன்னெண்டாம் நாளுக்கு அடுத்த பக்கத்தில் நாலணா. நோட்டை இன்னும் வச்சிருக்கேன். உங்க அப்பா 1957இல் பிறந்தவர், அணா தெரியாது. அவருக்கு என்ன அளவு வருமோ அதில் கேளுங்க. மஞ்சத் துணியில் முடிச்சுப் போட்டுக் காட்டின பாட்டி ஒருத்தரையும் பார்த்திருக்கேன்.

குளிப்பாட்டுறது, படுக்கை மாத்துறது, ஆட்டோவில் ஏத்துறது இதெல்லாம் மாத்திரை கொடுத்து அரை மணி, முக்கால் மணி கழிச்சு.

ஜூன் 8, காலை 10.10

ஒருத்தர் கேட்டிருக்கார், மலத்தைப் பத்தி எதுக்கு இவ்வளவு பேச்சுன்னு. ஐயா, மார்ஃபினை வீட்டில் நிறுத்துறதுக்கு எனக்குத் தெரிஞ்சு முதல் காரணம் மலச்சிக்கல்தான். தூக்கம் பழகிடும், குமட்டல் ஒரு வாரத்துக்குள்ள அடங்கும், அரிப்பும் பெரும்பாலும் போயிடும். மலச்சிக்கல் மட்டும் பழகவே பழகாது. குடலையே மெதுவாக்கிடும் மருந்து. அதனால மார்ஃபின் எழுதின அதே சீட்டில் மலம் இளக்கும் மருந்தும் இருக்கணும், அதே நாளிலிருந்து. பிசாகோடைல், லாக்டுலோஸ் இப்படி ஏதாவது. சிக்கினப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா, வயிறு கல்லாகி, சாப்பாடு நின்னு, ஆள் குழம்பி, கடைசியில் "மார்ஃபின் ஒத்துக்கலை"ன்னு பேர் வரும்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்குக் களியும் கீரையும் இருந்தா வயித்துக்குப் போதும்ங்கிற நம்பிக்கை. நடமாடுற உடம்புக்கு அது சரி. படுத்த உடம்பு, ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்கவே யோசிக்கிற உடம்பு, இதுக்கு நார்ச்சத்தை அள்ளிப் போட்டா உள்ளே போய் அடைச்சுக்கும். மூணு நாள் போகலைன்னா நாலாம் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், சொல்லிடுங்க. மூணு நாள் போகாம இருந்துட்டு திடீர்னு தண்ணியா போனாலும் சொல்லுங்க. அது அடைப்பைச் சுத்தி வழியிற தண்ணியா இருக்கலாம்.

ஜூன் 9, மாலை 4.45

மச்சானோட கேள்விக்கு வரேன். அடிமையாகிடுவாரா?

மருந்துக்கு உடம்பு பழகிப்போறது ஒண்ணு. திடீர்னு நிறுத்தினா வியர்வை, வயித்துப்போக்கு, நடுக்கம் வரும். அதனாலதான் நிறுத்தணும்னாலும் படிப்படியா குறைப்பாங்க. இது யாருக்கும் வரும். அடிமையாகிறது வேற: மருந்துக்காக ஏங்கித் திரியறது, கேடு வருதுன்னு தெரிஞ்சும் தேடிப்போறது. புற்றுநோய் வலிக்கு, கண்காணிப்பில், அளவா கொடுக்கிறவங்ககிட்ட அது அபூர்வம். என் அப்பா ஒரு தடவைகூட "நேரமாச்சா"ன்னு கேட்டதில்லை. முதுகெலும்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தப்புறம் வலி குறைஞ்சு, மாத்திரையையும் குறைச்சோம். குறைச்சது அவருக்குத் தெரியவே இல்லை.

ஆனா, காரிமங்கலத்திலிருந்து ஒருத்தர் கேட்டிருக்கார், முதுகுவலிக்கு மூணு வருஷமா டிரமடால் போடுறேன், இப்போ கேட்கலை, மார்ஃபின் வாங்கலாமான்னு. இல்லைங்க. நான் மேலே சொன்னது எதையும் உங்க கணக்கில் சேர்க்காதீங்க. தேய்மான வலிக்கு வருஷக்கணக்கா இந்த வகை மருந்து போட்டா பலன் குறைஞ்சுக்கிட்டே போகும், பழக்கம் மட்டும் ஏறும். அடிமைத்தனம் உண்மையாவே உட்காருற இடம் அதுதான். டிரமடாலை லேசா நினைக்காதீங்க. ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, வலிப்பு வரும். மனச்சோர்வு மாத்திரை சிலதோட சேர்ந்தா அதுவே வேற ஆபத்து. 2018இலிருந்து அதையும் போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. நீங்களா சட்டுனு நிறுத்தாம, டாக்டர்கிட்டப் போய் மூணு வருஷக் கதையையும் சொல்லுங்க.

ஜூன் 11, இரவு 11.30

முதல் நாள் நான் எழுதினதைத் திரும்பப் படிச்சேன். "பயப்பட ஒண்ணுமில்லை." அதை எடுத்துக்கறேன். அழிக்கலை, அங்கேயே இருக்கட்டும், ஆனா தப்பு. அப்பாகிட்ட பயந்து கெடுத்தேன், அந்தக் குற்ற உணர்ச்சியில் அடுத்த ஆளுக்குப் பயமே வேண்டாம்னு சொல்லிக் கெடுக்கப் பார்த்தேன். 2019 கதையைச் சொல்லாம விட்டா இந்தப் பக்கம் முழுசும் பாதி உண்மைதான்.

காவேரிப்பட்டணத்தில் என் சின்னம்மா. கன்னத்தில் புற்றுநோய், புகையிலை போட்ட வாய். மார்ஃபின் ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் வரைக்கும் போய் வலி கட்டுக்குள்ள இருந்தது. பிறகு முழுங்க முடியலை. டாக்டர் ஃபென்டனில் ஒட்டு எழுதினார், மணிக்கு 25 மைக்ரோகிராம். தோலில் ஒட்டிட்டா மூணு நாளைக்கு, அதாவது 72 மணி நேரம், கொஞ்சம் கொஞ்சமா உள்ளே இறங்கும். எடைக்கு எடை ஃபென்டனில் மார்ஃபினைவிட சுமார் நூறு மடங்கு வீரியம். மில்லிகிராமில் இல்லாம மைக்ரோகிராமில் அளக்கிறது அதனாலதான்.

தங்கச்சிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வெட்டக் கூடாது. சோப்பு போடாம வெறும் தண்ணியில் தோலைத் துடைச்சு, காயவச்சு ஒட்டணும். ஒட்டின தேதியும் நேரமும் காலண்டரில் எழுதணும். பழசை எடுத்துட்டுத்தான் புதுசு, வேற இடத்தில். எல்லாத்தையும் அவ சரியாத்தான் செஞ்சா.

சூட்டைப் பத்தி நான் சொல்லலை.

மார்கழிக் குளிர். சின்னம்மாவுக்குக் காய்ச்சல், தோள்பட்டையில் பிடிப்புன்னு சொல்லியிருக்காங்க. தங்கச்சி நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்திருக்கா. ராத்திரி வெந்நீர் பையை அதே தோளில் வச்சுப் போர்வையைப் போத்திவிட்டிருக்கா. ஒட்டு இருந்ததும் அதே தோள்தான். நம்ம வீட்டுப் பொண்ணு எவளா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பா. சூடு பட்டா தோலில் ரத்த ஓட்டம் கூடும், மூணு நாளைக்கான மருந்து வேகமா உள்ளே போகும். காய்ச்சலும் அதையே செய்யும்.

காலையில் அவளால சின்னம்மாவை எழுப்ப முடியலை, எனக்குப் போன். மூச்சை எண்ணச் சொன்னேன். ஆறு. ஒட்டைப் பிடுங்கச் சொன்னேன், ஒருக்களிச்சுப் படுக்கவைக்கச் சொன்னேன், 108ஐக் கூப்பிடச் சொன்னேன். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருன்னு சொன்னேன், கூப்பிடும்போதெல்லாம் ஒரு மூச்சு விட்டாங்களாம். ஆஸ்பத்திரியில் இந்த வகை மருந்தை முறிக்கிற நாலோக்சோன் ஊசி போட்டாங்க. நரம்பில் போட்டா ரெண்டு மூணு நிமிஷத்தில் ஆள் திரும்புவார். ஆனா அதோட வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரைக்கும்தான். ஒட்டை எடுத்தப்புறமும் தோலுக்கடியில் தேங்கின மருந்து பல மணி நேரம் இறங்கிக்கிட்டே இருக்கும். மதியம் திரும்பச் சாய்ஞ்சாங்க, திரும்பப் போட்டாங்க. "எழுந்துட்டாங்களே, கூட்டிட்டுப் போயிடலாமே"ன்னு என் சின்னப்பா சண்டை போட்டார். போயிருந்தா வழியிலேயே முடிஞ்சிருக்கும். ராத்திரி முழுக்க வச்சிருந்து பார்த்துதான் அனுப்பினாங்க.

சின்னம்மா அதுக்கப்புறம் மூணு மாசம் இருந்தாங்க, அதே ஒட்டோடதான், வலி இல்லாம. தங்கச்சி அன்னிக்கு முழுக்க என் முகத்தையே பார்க்கலை, தான்தான் கொன்னிருப்பேன்னு நினைச்சுக்கிட்டா. அவ இல்லை. சொல்லிக்கொடுத்தவ நான்.

ஜூன் 12, காலை 7.00

நேத்து விட்டது. இந்த ஒட்டு, ஏற்கனவே மார்ஃபின் மாதிரி மருந்துக்குப் பழகின உடம்புக்கு மட்டும்தான். "உங்க அம்மாவுக்கு நல்லா கேட்டுதே, எங்க அம்மாவுக்கு ஒண்ணு கொடுங்களேன்"னு கேட்டு வர்றவங்களுக்குத் தயவுசெஞ்சு கொடுத்துடாதீங்க. முதல் ஒட்டு முழு வேகத்துக்கு வர 12இலிருந்து 24 மணி நேரம் ஆகும். வலி நிக்கலையேன்னு இன்னொண்ணு ஒட்டாதீங்க. எடுத்த ஒட்டில் மருந்து மிச்சம் இருக்கும், பசை உள்பக்கமா வர்ற மாதிரி மடிச்சுப் போடணும். குழந்தை எடுத்துக் கையில் ஒட்டிக்கிட்டா போதும், உயிருக்கே ஆபத்து.

மே மாசம் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருக்கிற நோயாளிக்கும் அந்தச் சூட்டு விஷயம் பொருந்தும்.

ஜூன் 13, மாலை 5.20

மெடிக்கல் கடைக்காரர் பார்த்த பார்வையைப் பத்தி. அவர் மேல் கோபப்பட வேண்டாம். அவர்கிட்ட சரக்கே இருந்திருக்காது. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்கு அப்புறம் மார்ஃபின் வச்சிருக்கவே பல துறைகளில் உரிமம் வாங்க வேண்டியிருந்தது, மாநிலத்துக்கு மாநிலம் வேற விதி. நிறைய ஆஸ்பத்திரிகள் எதுக்கு வம்புன்னு வாங்குறதையே விட்டுட்டாங்க. நம்ம நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் மார்ஃபின் கிடைக்கிற அபினுக்காக உரிமத்தோட கசகசாச் செடி பயிராகுது, காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலையில் அபினைப் பதப்படுத்துறாங்க. விளையிற ஊரிலேயே வலியோட செத்தவங்க எத்தனையோ பேர். கேரளத்து வலி தணிப்பு டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கா முட்டி மோதினதில், 2014இல் சட்டத்தைத் திருத்தினாங்க. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உட்பட ஆறு மருந்துக்கு நாடு முழுக்க ஒரே விதி. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகாரம் கொடுத்த ஆஸ்பத்திரி வாங்கி வச்சுக் கொடுக்கலாம். அதனால கடை கடையா ஏறாம, எழுதின ஆஸ்பத்திரியிலேயே அடுத்த ரெண்டு வாரத்துக்கு எப்போ வரணும்னு கேட்டு வச்சுக்கோங்க. தீர்ந்தப்புறம் ஓடாதீங்க, நாலு நாள் இருக்கும்போதே போங்க.

கசகசா போட்ட குருமா சாப்பிடலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். தாராளமா. அபின் வர்றது காயைக் கீறினா வழியிற பாலில், விதையில் இல்லை.

இந்த உரிமம், விதின்னு பேச்சு வந்ததால ஒண்ணு. தொண்ணூறுகளில் நான் ராத்திரி டியூட்டி பார்த்த ஒரு வார்டு, எந்த ஊர்னு வேண்டாம். மலைக்கிராமத்துக்காரர் ஒருத்தர், நாக்கில் புண்ணு, பேச முடியாது. மார்ஃபின் ஊசி இரட்டைப் பூட்டு போட்ட அலமாரியில் இருந்தது. ஒரு சாவி என்கிட்ட, இன்னொண்ணு வச்சிருந்தவர் வீட்டுக்குப் போயிட்டார். ஆள் அனுப்பினேன், வரலை. விடியற வரைக்கும் அந்த மனுஷன் என் புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டே இருந்தார். பூட்டு வேணும்தான். ஆம்ப்யூலைக் கணக்கு வச்சு, உடைஞ்சதுக்குக்கூட ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டுத்தான் நானும் வேலை பார்த்தேன். ராத்திரியில் ரெண்டாவது சாவி யார்கிட்டன்னு எழுதி ஒட்டியிருந்தா போதும்.

வீட்டிலும் பூட்டணும். பேரப்பிள்ளைங்க இருக்கிற வீடு, குடிக்கிற ஆள் இருக்கிற வீடுன்னா கண்டிப்பா.

ஜூன் 14, காலை 9.40

குடின்னு எழுதினதும் ஞாபகம் வந்தது. "எப்படியும் போகப்போற ஆள், ஒரு குவார்ட்டர் கொடுத்தா தூங்குவார்"னு பாசத்தில் வாங்கிட்டு வர்ற உறவுக்காரங்க உண்டு. மார்ஃபினோட சாராயம் சேர்ந்தா மூச்சு அடங்கிடும். அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரையும் அப்படித்தான், கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துடாதீங்க. நரம்பு வலிக்குப் பிரீகாபலின் எழுதியிருந்தா டாக்டருக்குத் தெரிஞ்சே எழுதியிருப்பார், ஆனா ரெண்டையும் ஒரே நாளில் கூட்டாம ஒண்ணொண்ணா கூட்டச் சொல்லிக் கேளுங்க.

ஜூன் 14, மதியம் 12.15

7ஆம் தேதிக் குறிப்புக்கு ஒரு திருத்தம். அளவும் நேரமும் மாறக் கூடாதுன்னு அடிச்சுச் சொன்ன மாதிரி இருக்கு. ஊத்தங்கரை நண்பர் ஒருத்தர் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் சோர்ந்தா ரத்தத்தில் கூடுற கழிவு, ஏறினதை எழுதினதும்தான் உறைச்சுது. மார்ஃபினை ஈரல் உடைச்சு, அந்தக் கழிவு சிறுநீரில் போகணும். சிறுநீரகம் சோர்ந்தா கழிவு தேங்கும், அதுக்கும் வீரியம் உண்டு. ஒரு மாசமா சரியா இருந்த அதே அளவு அன்னிக்கு அதிகமாகிடும். ரெண்டு நாள் வாந்தி பேதி, தண்ணி இறங்கலை, சிறுநீர் குறைஞ்சுபோச்சுன்னா நேரத்தைப் பார்த்துக் கொடுத்துக்கிட்டே போகாம டாக்டரைக் கூப்பிடுங்க. கை கால் திடுக்திடுக்குனு தூக்கிப்போடுறது, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுறது, கெட்ட கனவுன்னா அதுவும் இந்தக் கணக்குதான். "வலியில் துடிக்கிறார்"னு நினைச்சு இன்னொரு மாத்திரை கொடுத்துடுவாங்க. சிறுநீரகம் கெட்டவங்களுக்குப் பெரும்பாலும் ஃபென்டனில் பக்கம் மாத்துவாங்க.

12 மணி நேர மாத்திரைன்னு ஒண்ணு உண்டு, அதை நசுக்கவோ கடிக்கவோ கூடாது. மூக்குக் குழாயில் கரைச்சு ஊத்தினா அரை நாள் மருந்தும் ஒரே அடியா இறங்கிடும்.

ஜூன் 15, இரவு 9.00

பெரியப்பா நேரடியாவே கேட்டிருக்கார். "மருந்து கொடுத்த மறுநாளே என் கூட்டாளி செத்தான், அதுக்கு என்ன சொல்றீங்க?"

ஐயா, உங்க கூட்டாளிக்கு எப்போ கொடுத்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. எல்லாம் கைவிட்டுப்போய், கடைசி நாளில்தானே பீரோ திறந்திருக்கும்? கடைசியாக் கொடுத்ததால அது கடைசி மருந்தாத் தெரியுது. வலிக்குத் தகுந்த மாதிரி சின்ன அளவில் தொடங்கி ஏத்தினா அது ஆயுளைக் குறைக்கறதில்லை. உங்க தம்பிக்கு நுரையீரல். மூச்சுத்திணறல் வந்தாலும் டாக்டர் இதையே சின்ன அளவில் கொடுப்பார். மூச்சை நிறுத்தும்னு நான் பக்கம் பக்கமா எழுதின மருந்தே அளவோட கொடுத்தா மூச்சுக்குத் தவிக்கிற தவிப்பை அடக்கும். எனக்கும் முதலில் நம்ப முடியலை, கண்ணால் பார்த்துத்தான் நம்பினேன்.

ஜூன் 19, காலை 8.30

அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிச்சார்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு தடவை படிச்சேன். நோட்டில் அதையும் எழுதுங்க.

டாக்டர் அளவை 15 மில்லிகிராம் ஆக்கினதுக்குக் கவலைப்படாதீங்க. பாரசிட்டமாலுக்கு ஒரு நாளைக்கு நாலு கிராம்னு கூரை உண்டு. புற்றுநோய் வலியில் மார்ஃபினுக்கு அப்படிக் குறிச்ச கூரை கிடையாது. வலி எவ்வளவோ, பக்கவிளைவு தாங்குற வரைக்கும் படிப்படியா போகலாம்.

ஒவ்வொரு தடவையும் பெங்களூர் போக முடியலைன்னு கேட்டிருந்தீங்க. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் செவிலியரைக் கேளுங்க. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின திட்டம். படுக்கையில் இருக்கிறவங்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறதும் அதில் அடக்கம். மார்ஃபினை அவங்களே பையில் எடுத்துட்டு வருவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க. புண்ணைப் பார்ப்பாங்க, நோட்டைப் பார்ப்பாங்க, எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும்னு வழி சொல்லுவாங்க.

ஜூன் 24, இரவு 10.20

மிச்சமான மாத்திரையை என்ன பண்றதுன்னு வேற ஒருத்தர் கேட்டிருக்கார். அவங்க அம்மா போன வாரம் தவறிட்டாங்க. வருத்தமா இருக்குங்க. காரியம் முடியற வரைக்கும் பூட்டி வச்சு, வாங்கின ஆஸ்பத்திரியிலேயே எண்ணிக் கொடுத்துட்டுக் கையெழுத்து வாங்கிக்கோங்க. என் அப்பாவுக்கு 31 மிச்சம் இருந்தது. பதினாறாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணி வாங்கினவர் அதே டாக்டர். 31ம் சரியான கணக்கு. நோட்டைக் காட்டினேன், ஒவ்வொரு பக்கமா புரட்டிப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஜூன் 27, மாலை 6.05

தம்பி, காவேரிப்பட்டணம் போறதுல தப்பே இல்லை. பெங்களூரா மாங்காய் அறுவடை நடக்கும்போது அக்கா வீட்டுத் தோப்பைப் பார்க்கணும்னு அவரே வாய்விட்டுக் கேட்டிருக்கார், கூட்டிட்டுப் போங்க. காலை 10 மணி மாத்திரை போட்டு முக்கால் மணி கழிச்சுக் காரில் ஏத்துங்க. இடுப்புக்குக் கீழே தலையணை. மதியம் 2 மணி மாத்திரையும், நடுவில் வலி வந்தா கொடுக்கிறதில் ரெண்டு வேளையும் தனிப் பொட்டலமா உங்க சட்டைப் பையில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். சீட்டோட நகல் ஒண்ணு. தண்ணி நிறைய. தோப்பில் நிழலாப் பார்த்துக் கட்டில் போடச் சொல்லி முன்னாடியே போன் பண்ணிடுங்க. மாம்பழம் சாப்பிடட்டும், வயித்துக்கும் நல்லது.

2 மணின்னா 2 மணி. பழம் இறக்குறதைப் பார்த்துக்கிட்டே மறந்துடாதீங்க, செல்போனில் அலாரம் வையுங்க.